நோயாளியாக நடித்தவருக்கு ஒரு டீ

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரி மார்னி எல்லர்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினாள்.

"எழுத்தாளரே, நீங்க தினமும் பொய்தானே எழுதுறீங்க? எனக்கு ஒரே ஒரு உண்மை எழுதிக் குடுங்க."

மார்னி கல்லூரியில் படித்தது நிலவியல். பாறைகளைப் படித்தவளுக்குப் பாறை கிடைக்கவில்லை. குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் வேலை கிடைத்தது. முப்பத்து மூன்று வயதில் திடீரென்று நர்ஸ் ஆகப்போகிறேன் என்கிறாள். வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு வருடத்தில் முடித்துவிடும் நர்சிங் படிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தில், ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

"சரி, ஏன்?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா உங்க வீட்டுக்கு எதுக்கு வர்றேன்?"

2

கதைக்கும் கட்டுரைக்கும் சேர்த்து நான் எழுதிய தொடக்கங்கள்:

"அம்மாவின் கடைசி நாட்களில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் மார்னிக்கு முதன்முதலாக..."

(நிறுத்தியாயிற்று. அம்மா லொரெய்ன் திடமாக இருக்கிறார், வியாழன்தோறும் நடன வகுப்புக்குப் போகிறார். மகளிடமிருந்து தாளைப் பிடுங்கிப் படித்துவிட்டு என் வீட்டுக்கே வந்தார். "என்னைக் கொன்னாத்தான் எம் மவளுக்கு எடம்னா கொன்னுக்கோப்பா. கொஞ்சம் கௌரவமான வியாதியாப் பாத்துக் குடு.")

"சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் மார்னி..."

(பத்து வயதில் தம்பியைத் துணி அலமாரியில் பூட்டிவிட்டு சினிமாவுக்குப் போனவள்.)

"ஒருநாள் டைல்ஸ் கடையில் ஒரு வாடிக்கையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு..."

(யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தக் கடையில் ஆட்கள் விலையைக் கேட்டுவிட்டு நடந்தே வெளியேறுகிறார்கள்.)

கதாபாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டும், ஆசைக்கு ஒரு காரணம் வேண்டும். இவளுக்கு ஆசையே இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவளே எழுதி அனுப்பினாள். விண்ணப்பத்துக்கு அனுபவம் தேவை என்பதால் வார இறுதிகளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்வதைச் சொல்லிவிட்டு, கீழே இப்படி: "அங்கிருந்து எல்லாரும் களைத்துப்போய் வெளியே வருகிறார்கள். எனக்கு நன்றாகப் பசிக்கிறது. காரணம் தெரியவில்லை."

இது உதவாது என்றேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

3

இன்டர்வியூ அறை அறையாக நடக்கும். மணி அடித்தால் அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனி மதிப்பெண். ஓர் அறையில் சொதப்பியது அடுத்த அறைக்குத் தெரியாது. இதைக் கவனமாக நினைவில் வையுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. (நல்ல எழுத்தாளன் இப்படிச் சொல்ல மாட்டான்.)

முதல் அறையில் ஒரு கட்டில். அதில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியாக ஒரு வயதான நடிகர். மூலையில் தேர்வாளர் ஒருவர், தாளும் பேனாவுமாக.

"பயமா இருக்கு கண்ணு," என்றார் நடிகர். உதடு நிஜமாகவே நடுங்கியது. "கத்திய எடுக்கறதுக்குள்ள ஒரு வாய் டீ கெடைக்குமா?"

இந்த ஊரில் ஒருவர் அழுதால் முதலில் டீக்குக் கெட்டிலைப் போடுவார்கள், அப்புறம்தான் ஏன் என்று கேட்பார்கள். சன்னலோரம் கெட்டில் இருந்தது. அது தேர்வாளர்கள் தங்களுக்காகக் கொண்டுவந்து வைத்தது. மார்னி அதைப் போட்டாள்.

"பாலு?"

"கொஞ்சமா. ரெண்டு சர்க்கரை."

நடிகரும் இந்த ஊர்க்காரர்தானே? கையில் டீ வந்தால் குடித்துவிடுவார். குடித்தார். பாதிக் கோப்பையில் அவர் கண் மேலே போனது, அவள் கண்ணும் போனது. தலைமாட்டில் பலகை: வாய்வழியாக எதுவும் தரக்கூடாது.

மணி அடித்தது.

4

அடுத்த அறையில் இரண்டு பெண்மணிகள். "நீங்க செஞ்ச தப்பு ஒண்ணு சொல்லுங்க, மார்னி."

இந்தக் கேள்விக்கு நானும் அவளும் என் சமையலறையில் ஒரு பதில் தயார் செய்திருந்தோம். இரண்டு முதியவர்களின் மூக்குக்கண்ணாடியை மாற்றிக் கொடுத்தது, உடனே சரிசெய்தது. யாருக்கும் வலிக்காத தப்பு. வாயைத் திறந்தாள்.

"பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு டீ குடுத்துட்டேன். ஆபரேஷனுக்கு இருக்கிறவரு. போர்டைப் பாக்கல."

"எப்போ?"

"இப்பத்தான்."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

மார்னி எழுந்துவிட்டாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

முதல் அறையில் இப்போது இன்டர்வியூவுக்கு வந்த வேறொரு பெண் நடிகரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்னி மூச்சு வாங்கினாள். "இவரு டீ குடிச்சிருக்காரு. ஆபரேஷனைத் தள்ளிப்போடணும்."

அந்தப் பெண் கையை விட்டுவிட்டாள். தேர்வாளர் பேனாவை மூடினார்.

"மார்னி, அவர் நடிகர்."

"தெரியும்."

"அப்புறம்?"

"தெரியுங்க. இருந்தாலும் சொல்லணும்ல?"

"அரைக் கோப்பை," என்றார் நடிகர், படுக்கையிலிருந்து.

இரண்டாவது அறைக்கு அவள் திரும்பியபோது அங்கே அவளுடைய நேரம் முடிந்திருந்தது.

(இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் எழுதியிருக்க மாட்டேன். மூன்று தடவை கேட்டேன். ஏன் ஓடினாய் என்றால், "காலு தானா ஓடிடுச்சு" என்கிறாள். லொரெய்ன் சொன்னார்: "எம் மவளுக்கு நாடகத்துக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியல. லூசு." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

இடம் கிடைத்தது. ஓடிய ஒருத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார்கள்.

இடம் கிடைக்கவில்லை. பலகையைப் படிக்காதவள், மணியை மதிக்காதவள், இன்னொரு பெண்ணின் தேர்வையும் கெடுத்தவள். அதுவும் நியாயம்தான். அந்தப் பெண்ணும் எதற்காகவோதானே வந்திருந்தாள்?

முடிவு வருவதற்குள் மார்னியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, டைல்ஸ் கடையின் அமைதிக்குத் திரும்பி...

சமையலறை மேசையில் உட்கார்ந்து மார்னி இதுவரை எழுதியதைப் படித்தாள். லொரெய்ன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மூணாவதக் கிழிச்சிடுங்க," என்றாள் மார்னி.

"ஏன்?" என்றேன். "எது வந்தாலும் சரின்னுதானே சொன்னே?"

"சொன்னேன். கெடைச்சா கெடைக்கட்டும், இல்லன்னா டைல்ஸ்னுதான் இருந்தேன். இப்ப கெடைக்கலன்னா என்னால தாங்க முடியாதுங்க. எப்ப இப்படி ஆச்சுன்னு தெரியல. எனக்கே பயமா இருக்கு."

அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. இத்தனை பக்கமாக இவளுக்கு ஆசை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் மேசைமேல் மார்னியின் போன் அதிர்ந்தது. மெயில். கல்லூரியின் பெயர்.

மார்னி அதைத் திறக்கவில்லை. என் பக்கம் தள்ளினாள். "நீங்க படிங்க. மாத்தாம படிங்க."

லொரெய்னுக்கு இரண்டாவது முடிவுதான் வரும் என்று பயம். எனக்கு முதல் முடிவுதான் வேண்டும் என்று வெறி. போனைக் கையில் எடுத்தேன். என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. பொய்யைத் தொழிலாக வைத்திருப்பவன் படிக்கக்கூடிய மெயில் இல்லை இது.

ஆகவே வாசகரே, போனை உங்களிடம் கொடுக்கிறேன். இந்தாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மெதுவாகப் படிக்காதீர்கள், அவளால் பொறுக்க முடியாது.