ஒன்றரை முழம்

நேமத்தான்பட்டிக்குக் கிழக்கே பெத்தாச்சி நிலத்தில் கிணற்றுக்கு இடம் பார்க்க அமீர் ஹம்சா பாயை வரவழைத்திருந்தார்கள். எழுபத்துநாலு, மழை பொய்த்த வருஷம். பாய் காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். பழைய பட்டாளத்து மீட்டர் ஒன்றை வாங்கி, தானே மரப்பெட்டிக்குள் பொருத்தி வைத்திருந்தார். நாலு இரும்புக் கம்பிகளை வரிசையாகத் தரையில் அடிக்க வேண்டும். ஓரத்து இரண்டில் பாட்டரி கரண்ட் போகும், நடு இரண்டில் மீட்டர். முள் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத் தண்ணீர் உண்டா இல்லையா என்று சொல்லுவார். அடிக்கிற வேலை என்னுடையது.

அன்று முள் நிற்கவில்லை, நடுங்கியது.

“பொட்டிக்குக் குளிர் ஜொரம் போல பாய்.”

“மொனைய நல்லாச் சொரண்டுடா முத்துக்கருப்பா. துருவா இருக்கும்.”

சுரண்டினேன். அவர் ஒயர் முடிச்சுகளைப் பிரித்து முறுக்கினார். பாட்டரியை மாற்றினார். கடைசியில் பாட்டரியையே கழற்றித் தரையில் வைத்தார். அப்போதும் முள் நடுங்கியது.

“பாட்டரிதான் இல்லையே பாய்.”

“அதான் நானும் பாக்குறேன். ஒங்க மண்ணு தானாப் பேசுது,” என்றார். சிரிக்கவில்லை.

மேற்கே நகர்ந்தால் நடுக்கம் குறைந்தது. கிழக்கே, கல்லை நோக்கி நகர நகர, முள் பட்டையாகத் தெரியுமளவு ஆடியது. அந்தக் கல் என் அண்ணன் வீரையா விழுந்த இடத்தில் நட்டது. மூன்று மாசத்துக்கு முன், பட்டப்பகலில், எல்லைக்கல்லுக்குக் குழி தோண்டியவன் கடப்பாரையோடு மல்லாந்தான். முனி அடித்தது என்றார்கள். மதினி அழகி தினமும் உச்சிப்பொழுதில் கல்லுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நிற்பாள். உள்ளங்காலில் சுறுசுறுவென்று ஏறும். “உங்கண்ணன் வந்துட்டாக” என்பாள். ஒருநாள் நானும் நின்றேன். ஏறியது. வீடு வரைக்கும் ஓடினேன்.

பாய், பழைய கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்த தூரத்துக் கொட்டகையைப் பார்த்தார். “ரோட்டோரத்துல ஒரு போஸ்டுதான் இருக்கு. அங்குட்டு கரண்ட் எப்படிப் போகுது?”

“மண்ணுக்குள்ள. ஒயரு பதிச்சிருக்கு.”

“எம்புட்டு ஆழம்?”

மூன்று முழம் தோண்டச் சொல்லித்தான் எனக்குக் கூலி கொடுத்தார்கள். கல் நிற்கிற இந்த இடத்தில் பாறை தட்டியது. கையெல்லாம் கொப்புளம். ஒன்றரை முழத்தோடு ஒயரைப் போட்டு மூடினேன்.

கம்பி அடிக்க எடுத்துவந்திருந்த கடப்பாரையைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணனுடையது. முனையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருகல். கொல்லன் உலையில் பட்டது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மதினி வந்து குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, நிக்காதீக. வெலகுங்க.”

“அவுக வார நேரத்துல வெலகவா?” ஈரத்தில் கால் வைத்தாள்.

போஸ்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மோட்டார் சத்தம் அடங்கியது. திரும்பி வந்தபோது முள் பூஜ்யத்தில் கிடந்தது.

மதினி கண்ணை மூடி நின்றாள். ரொம்ப நேரம். கால்விரல்களைச் சேற்றுக்குள் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“வரலயே” என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். “என்னத்தப் புடுங்கிட்டு வந்த?”

சொன்னேன். ஒயரைப் பதித்தது யார், எவ்வளவு ஆழம், எல்லாம். பாய் குனிந்து கம்பிகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

அவள் அழவில்லை, ஏசவில்லை.

“அப்ப இம்புட்டு நாளா என் காலுக்கடியில வந்து நின்னது நீதானா?”

கேட்டுவிட்டு அந்த ஈரத்திலேயே நின்றாள்.