எர்மெஸ் போட்ட இரண்டாவது கோல்

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். அன்று காலைப் பூசைக்கும் மாலை விருந்துக்கும் நடுவே சான் வித்தோரே என்ற ஊரில் ஒரு கால்பந்தாட்டம் நடக்கும். கல்யாணமாகாதவர்கள் ஒரு பக்கம், கல்யாணமானவர்கள் மறுபக்கம். தோற்றவர்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு, சதுக்கத்தில் போட்ட நீள மேசைகளில் ஜெயித்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். கல்யாணமானவர்கள் பதினாறு வருஷமாக ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மனைவிமார் அதைத் துவைத்துத் துவைத்துச் சலித்துப்போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஆள்தான். எர்மெஸ் காவட்சூத்தி, ஐம்பத்தொரு வயது, கல்யாணமாகாதவர்.

எர்மெஸ் இந்த ஊர்ப் பன்றிக்கறிக்காரரின் மகன். திமிறும் பன்றியைப் பின்னங்காலில் பிடித்து நிறுத்துவதுதான் சின்ன வயதில் அவருக்குக் கொடுத்த வேலை. பதினேழு வயதில் நகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு வருஷம் அதே கிளப், அதே ஐந்தாம் எண் சட்டை, நான்கு முறை நாட்டுக் கோப்பை, ஐம்பத்தெட்டு முறை நாட்டு அணி. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் 'பசை'. எதிரணி முன்வரிசைக்காரர் எங்கே போனாலும் எர்மெஸ் ஒட்டிக்கொண்டே போவார். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர், ஆட்டம் முடிந்து ஓட்டலுக்குப் போய் முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாராம்.

அவருடைய ரகசியம் இரண்டு. ஒன்று, நடுவருக்குத் தெரியாத பக்கம் இடது கையின் இரண்டு விரலால் எதிராளி சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது. உடும்புப் பிடி. மற்றது, பந்தையும் பார்க்காமல் முகத்தையும் பார்க்காமல் ஆளின் இடுப்பை மட்டும் பார்ப்பது. முகம் ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டும், கால் இன்னொரு பக்கம் காட்டும், ஆள் கடைசியில் போவதென்னவோ இடுப்பு திரும்பிய பக்கம்தான். அந்தப் பதினெட்டு வருஷத்தில் எர்மெஸ் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் அடைமழையில், சொந்த வலைக்குள். உலகம் அதை மறந்துவிட்டது. சான் வித்தோரே மறக்கவில்லை, காப்பிக்கடையில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஞாபகப்படுத்தும்.

அடுத்தவரை அப்படி ஒட்டிய மனிதர், தன்னை யாரும் ஒட்டவிடவில்லை. மூன்று ஊர்களில் மூன்று பெண்கள் இருந்தார்கள். பேச்சு தேதி குறிப்பதில் வந்து நின்றதும் எர்மெஸ் டிமிக்கி கொடுத்துவிடுவார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருஷமே திருநாள் ஆட்டத்தில் இறங்கினார். கல்யாணமானவர்களின் தலைவர் ப்ரிமோ, சலூன்காரர், எர்மெஸின் பள்ளித் தோழர். முதல் வருஷம் ஏப்ரன் கட்டியபோதே அவருக்குப் புத்தியில் பட்டுவிட்டது. இந்த ஆளை மைதானத்தில் ஜெயிக்க முடியாது, கல்யாணம் பண்ணிவைத்து இந்தப் பக்கம் இழுத்தால்தான் விடிவு. அதிலிருந்து ஒவ்வொரு திருநாள் விருந்திலும் எர்மெஸுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷம் பள்ளி ஆசிரியை, மறுவருஷம் ப்ரிமோவின் மச்சினி, அப்புறம் கார்ப்பி ஊரிலிருந்து ஒரு தூரத்து உறவு. எர்மெஸ் மரியாதையாகப் பேசுவார். தன் தட்டிலுள்ள, பூசணிப் பூரணம் வைத்த தோர்தெல்லிக் கொழுக்கட்டையைச் சாப்பிடுவார், அந்தப் பெண் மிச்சம் வைத்தால் அதையும் சாப்பிடுவார், தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பதினாறு வருஷம் ப்ரிமோ பின்னிய வலையில் விழாதவர், கடைசியில் வலையே இல்லாத இடத்தில் போய் விழுந்தார். ஜூன் மாதம் வேட்டை நாயின் காதில் புல்முள் ஏறிவிட்டதென்று அதைக் கால்நடை மருத்துவர் நீவெஸ் கிதோனியிடம் தூக்கிக்கொண்டு போனார். நீவெஸுக்கு நாற்பத்தைந்து வயது. மாந்தொவா பக்கத்திலிருந்து வந்தவள், மாடு, பன்றி, நாய் தவிர வேறெதையும் கவனிக்காதவள். முள்ளை எடுத்துக்கொண்டே என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள். ஓடி வருகிறவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தேன் என்றார் எர்மெஸ். போலீஸா என்று கேட்டாள். தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தி இந்த நாட்டில் இருக்கிறாளா என்று எர்மெஸ் வாயைப் பிளந்தார். அதற்கப்புறம் அந்த நாய்க்கு வாரத்துக்கு இரண்டு முறை காது வலித்தது.

ஜூலைக் கடைசியில், ஒரு தொழுவத்தில், நீவெஸின் கை தோள்வரை பசுவுக்குள் இருந்த நேரத்தில், எர்மெஸ் கேட்டே விட்டார்.

"சரி, கட்டிக்கறேன்," என்றாள் நீவெஸ். "அந்த வாலைக் கொஞ்சம் பிடி."

செப்டம்பர் ஐந்து என்று நாள் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருவர் பெயரையும் நகராட்சி வாசலில் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் ஊரறிய ஒட்டவேண்டும். அங்கேதான் எர்மெஸ் தன் குணத்தைக் காட்டினார். அறிவிப்பு திருநாள் முடிந்தபிறகு ஒட்டப்படட்டும், அதுவரை வெளியே மூச்சுவிடாதே என்றார். ஏனென்று கேட்டாள். பதினாறு வருஷம் தோற்கவில்லை, கடைசியாக ஒரு தடவை கல்யாணமாகாதவனாக ஆடி ஜெயித்துவிடுகிறேனே என்றார். நீவெஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்றாள். அந்தச் 'சரி' எர்மெஸுக்குப் பரம திருப்தி. அப்போது அவள் முகத்தைப் பார்த்தாரே தவிர இடுப்பைப் பார்க்கவில்லை.

திருநாளன்று பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. ப்ரிமோ சிகரெட் பற்றவைக்க நகராட்சி வாசல் நிழலில் ஒதுங்கினார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். சிகரெட் வாயிலேயே நின்றது, தீக்குச்சி விரலைச் சுட்டது. ஐந்தே நிமிஷத்தில் பாதி ஊர் அங்கே கூடிவிட்டது.

பெயர் ஒட்டியாகிவிட்டது, இனி இந்த ஆள் எங்கள் ஆள் என்றார் ப்ரிமோ. கல்யாணமாகாதவர்களின் தலைவன் வால்த்தெர், குழாய் வேலை செய்கிறவன், முப்பது வயது. தாலி ஏறாதவரைக்கும் கன்னி கழியாத பையன்தான் என்று ஐம்பத்தொரு வயதுக்காரரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். அந்த நாட்டில் தாலி கிடையாது, மோதிரம்தான். அவன் சொன்னது அந்த அர்த்தத்தில். கடைசியில் பங்குச்சாமியார் டொன் அர்ரீகோவிடம் வழக்கு போனது. அவர்தான் வருஷாவருஷம் நடுவர். வயிற்றில் கைகளைக் கோத்துக்கொண்டு யோசித்தார். ஆள் இப்போது பாதி மாப்பிள்ளை, ஆகையால் முதல் பாதி அங்கே, இரண்டாம் பாதி இங்கே என்று தீர்ப்புச் சொன்னார். இதில் யாருக்கும் திருப்தி இல்லை, அதனால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

எர்மெஸ் நீவெஸைத் தேடிக்கொண்டு ஓடினார். அவள் மைதானத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தாள்.

"யாரு ஒட்டினது அதை?"

"நான்தான் ஒட்டச் சொன்னேன். ஏன், பேரு ஏதும் தப்பா இருக்கா?"

நீவெஸ் ஒரு விதையைத் துப்பிவிட்டு, போய் ஆடு, நேரமாகிறது என்றாள்.

முதல் பாதியில் எர்மெஸ் ஆடிய ஆட்டத்தை அங்கே யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கல்யாணமாகாத வாழ்க்கையில் பாக்கி இருப்பது நாற்பத்தைந்து நிமிஷம் என்பது காலுக்குள் புகுந்துவிட்டதோ என்னவோ, தடுக்கவேண்டிய மனிதர் முன்னால் ஓடினார். நாற்பதாவது நிமிஷத்தில் வால்த்தெர் மூலையிலிருந்து அடித்த பந்து எர்மெஸின் வழுக்கைத் தலையில் பட்டு வலைக்குள் போய் விழுந்தது. கோல். வாழ்க்கையில் முதன்முறையாக எதிரி வலைக்குள் கோல். மனிதர் மைதானத்தைச் சுற்றி ஓடி, டொன் அர்ரீகோவின் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். நீவெஸ் இரண்டு தடவை கை தட்டினாள், இரண்டே தடவை.

இடைவேளையில் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, கல்யாணமானவர்களின் கோடுபோட்ட சட்டையை மாட்டினார். வயிற்றில் இறுக்கியது. இப்போதுதான் தலைக்குள் கணக்கு ஓடியது. இந்தப் பக்கம் ஜெயித்தால், பதினாறு வருஷம் தோற்காத பக்கத்தைத் தோற்கடித்தவர் என்ற கெட்ட பேர். இந்தப் பக்கம் தோற்றால் ஏப்ரன். ஆடாமல் வெளியே உட்கார்ந்துவிட்டால்? ஆடிய பாதியில் ஜெயித்தார், கோலும் போட்டார், பாவம் அடிபட்டுவிட்டது என்று போய்விடும். பதினெட்டு வருஷம் முன்வரிசைக்காரர்கள் தன் எதிரே எப்படியெல்லாம் நடித்து விழுந்தார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்த்தவர். விழுவதில் அவருக்குத் தெரியாத வகை கிடையாது.

இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிஷத்தில், யாரும் தொடாமல், தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரண்டு முறை உருண்டார். நல்ல விழுதல்தான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். ஆகஸ்ட் மாதத்தில் ஊர் டாக்டர் ஊரில் இருக்கமாட்டார், எல்லா வருஷமும் போல ரிமினி கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்திருப்பார். டொன் அர்ரீகோ சுற்றிலும் பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார்.

நீவெஸ் பையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக வந்து பக்கத்தில் மண்டியிட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். தொடைக்குப் பின்னால் என்று முனகினார் எர்மெஸ். அவள் அழுத்தினாள். எர்மெஸ் அலறினார்.

"நீ பிடிச்சுக்கிட்டு விழுந்தது இடது," என்றாள் நீவெஸ். "இப்ப நான் அழுத்தினது வலது."

எர்மெஸ் வானத்தைப் பார்த்தார்.

"வருஷத்துக்கு ஆயிரம் நொண்டியப் பாக்கறேன், எர்மெஸ். எந்த மாடும் இப்படி விழாது." அவள் குரல் மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்குத் தணிந்தது. "எம் பேரைக் கண்ணாடிக்குள்ள ஒட்டி ஊரே பாக்குது. எனக்கு வெக்கமா இல்லை. உனக்குத்தான் இருக்கு. நாய்க்குக் கறிக்குள்ள புழு மாத்திரைய வெக்கிற மாதிரி என்னை ஒளிச்சு வெச்சுக்கணும்னு நெனச்ச. இந்தப் பக்கத்துச் சட்டைய மாட்டிக்கிட்டு ஆடவே உனக்கு வெக்கமா இருக்குன்னா சொல்லிடு. போற வழியில நானே அந்தத் தாளைக் கிழிச்சிட்டுப் போயிடறேன். சண்டையெல்லாம் போடமாட்டேன்."

பையை மூடி எழுந்தாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்புகூட லேசாக இருந்த மாதிரி தோன்றியது. ஆனால் எர்மெஸ் இந்தத் தடவை முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தார். அது பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. நகராட்சிக்குப் போகிற கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

ஐம்பத்தெட்டு முறை நாட்டுக்காக ஆடியபோது வராத பயம் அப்போது வந்தது. எர்மெஸ் ஒரே குதியில் எழுந்து நின்றார். கூட்டம் அற்புதம் என்று கை தட்டியது. ப்ரிமோ சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீவெஸ்," என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார் எர்மெஸ். "உக்காரு. முடியறவரைக்கும் பாத்துட்டுப் போ."

அதற்கப்புறம் பழைய பசை திரும்பி வந்தது. வால்த்தெர் எங்கே திரும்பினாலும் எர்மெஸ் நின்றார். ஒரு பந்தையும் தாண்டவிடவில்லை, கிடைத்ததையெல்லாம் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தார். பேக்கரிக்காரர் ஒன்றை வானத்துக்கு அடித்தார், ப்ரிமோ ஒன்றைக் கம்பத்தில் அடித்தார். ஒரு கட்டத்தில் எர்மெஸ் பழக்கதோஷத்தில் வால்த்தெரின் சட்டை ஓரத்தை இரண்டு விரலால் பிடிக்க, டொன் அர்ரீகோ விசில் ஊதினார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

"இத்தனை வருஷம் கண்ணு எங்க போச்சு சாமி?" என்று கேட்டார் எர்மெஸ்.

"நாதியத்த பிரம்மச்சாரி, போனாப் போவுதுன்னு விட்டேன்," என்றார் சாமியார். "இப்பத்தான் உன்னைக் கேக்க ஆள் வந்தாச்சே."

கடைசி நிமிஷத்தில் எர்மெஸே ஓடிப்போய்த் தலையால் முட்டினார். அதே தலை, அதே முட்டு. வலைகாப்பவன் விழுந்து பிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குச் சைபர். கல்யாணமாகாதவர்கள் பதினேழாவது வருஷமாக ஜெயித்தார்கள்.

ப்ரிமோவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏப்ரனை எடுத்து எர்மெஸின் மார்பில் எறிந்தார்.

"பதினாறு வருஷம் தவங்கெடந்து உன்னை இந்தப் பக்கம் கொண்டாந்தோம்டா. வர்ற வழியில எங்களுக்கே கோல் போட்டுட்டு வந்திருக்கியே."

மேசைகள் நிறைந்துவிட்டன. வெயில் இன்னும் ஆலய மணிக்கூண்டின் மேலே இருந்தது, கோப்பைகளில் லாம்ப்ருஸ்கோ ஒயின் நுரைத்தது. எர்மெஸ் காவட்சூத்தி வாழ்க்கையில் முதல்முறையாக ஏப்ரனோடு தோர்தெல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்த்த பக்கமெல்லாம் விசிலடித்தார்கள். காது சிவந்திருந்தது, ஆனால் தலை குனியவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெயித்தவர்களின் மேசையில், வால்த்தெருக்கு அடுத்து, நடு நாற்காலியில் நீவெஸ் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"செப்டம்பர் அஞ்சு வரைக்கும் நான் கல்யாணமாகாதவதானே. எனக்கு இந்தப் பாதி அந்தப் பாதியெல்லாம் கெடையாது." தட்டை நீட்டினாள். "இப்பச் சொல்லு. மொத்தம் எத்தனை கோல் போட்டிருக்க?"

"ரெண்டு."

"எந்த வலையில?"

எர்மெஸ் கரண்டியை நிறுத்தினார். அடைமழையில் போட்டதை நினைத்தார், இன்று வெயிலில் போட்டதை நினைத்தார், கட்டியிருக்கும் ஏப்ரனைக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் சொந்த வலையிலதான்," என்றார்.

மேசையே அதிர்ந்து சிரித்தது. நீவெஸ் எழுந்து அவர் பின்னால் போனாள். தளர்ந்துகிடந்த ஏப்ரன் நாடாவை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வை என்றாள்.