பின்சீட்டுக் காற்று

வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிடுகிறார்கள். காற்றுப் பட்டால் குளிரும் என்ற நினைப்பு. ஆனால் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்ப் பாலத்து வீதியில் அடிப்பது அடுப்படிக் காற்று. வியர்வையை உடனே பறித்துக்கொண்டு தோலைச் சுடும். பருத்திச் சட்டையை நனைத்து உடுத்து, மேலே மெல்லிய ஜாக்கெட் போட்டு, கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். உள்ளே நுழையும் சிறு காற்று ஈரத்தை மெதுவாகக் காயவைக்கும். காய்கிற தண்ணீர் உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

நானாட்டானில் டிராக்டர் திருத்துகிறவன் நான். இதை என் மனைவி செலீனாவுக்காக யோசித்துக் கண்டுபிடித்தேன்.

கோயில் திருநாளுக்கென்று பேசாலையிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கொண்டுபோய் விட்டவன் நான்தான். பாலத்தில் வெக்கை தாங்காமல், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். "இனி உங்கட மோட்டச்சைக்கிள்ள ஏறமாட்டன்" என்றாள். அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். பின்சீட்டுக்குத் தடித்த பஞ்சு வைத்துத் தைத்தேன். அவள் அளவுக்கு ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் வாங்கினேன். தனியே இருக்கிற வீட்டில் இப்படியான வேலைகளுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டேன். பேசாலைக்குக் கிட்ட ஒரு குழாயில் சட்டையை மறுபடி நனைத்துக்கொண்டேன். வாசல் படலையில் அவளுடைய அக்கா அகஸ்ரினா நின்றாள்.

"என்ன கிறகரி, கடலுக்குள்ளாலயோ வந்தனீங்கள்?"

"வெக்கைக்கு நனைச்சனான், மச்சாள்."

"அப்ப நிண்டே கதையுங்கோ. கதிரை நனைஞ்சிடும்."

செலீனா வெளியே வந்தாள். "சாப்பிட்டீங்களோ?"

"ஓம்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஜாக்கெட்டைக் காட்டி ஈரத்தின் கதையைச் சொன்னேன். பாலத்தில் சைக்கிள் ஏன் ஆடுகிறது என்பதையும் விளக்கினேன். தீவை விட்டுப் போகும்போது காற்று வலப்பக்கமிருந்து தள்ளும். விழாமலிருக்க நாங்கள் வலப்பக்கமே சாய்ந்து ஓடுவோம். எதிரே பஸ் வந்தால் அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்தபடியே பஸ் பக்கம் இழுபடுவோம். ஆகவே பஸ்ஸைக் கண்டால் முன்கூட்டியே நிமிரத் தயாராக இருக்க வேண்டும்.

"இனி உமக்கு ஆட்டமே தெரியாது. வாறீரோ?"

செலீனா ஹெல்மெட்டை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"அண்டைக்குப் பாலத்தில நான் என்ன சொன்னனான்?"

"சத்தி வருது எண்டனீர்."

"அது நிப்பாட்டச் சொல்லி முதுகில தட்டின பிறகு. அதுக்கு முதல், ஓடேக்க?"

அப்படி ஒன்றும் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

"நீங்கள் முன்னுக்கிருந்து கதைச்சால் காத்து என்னட்டக் கொண்டுவந்து தரும். எஞ்சின் கதை, ரயர் கதை, உப்பளக் கதை, எல்லாம் கேக்கும். நான் சொல்லுறதை எங்க கொண்டுபோகும்?"

"பின்னுக்கு."

"வீட்டிலயும் அப்பிடித்தான்."

பின்னுக்கு என்பது எனக்குத் தெரிந்த விடைதான். ஒருநாளும் அதை அவளோடு சேர்த்து யோசித்ததில்லை.

"என்ன சொன்னனீர் அப்ப?"

"இப்பிடி முற்றத்தில நிண்டு சொல்லமாட்டன். வாற ஞாயிறு பஸ்ஸில வாங்கோ. மடு மாதா கோயிலுக்குப் போவம். பக்கத்தில இருந்து சொல்லுறன், நீங்கள் கேளுங்கோ. பிறகு வீட்டை வாறதோ எண்டு பாப்பம்."

"மடு போய்ச் சேருமட்டும் இவர் வாய் திறக்காமலோ?" என்றாள் அகஸ்ரினா. "அதுக்கு மாதாதான் இறங்கி வரோணும்."

செலீனா சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டைத் திருப்பித் தந்தாள். அதைப் பின்சீட்டில் கட்டினேன்.

திரும்பும்போது பாலத்தில் காற்று ஏறியிருந்தது. சட்டை எப்போதோ காய்ந்துவிட்டது. களப்புத் தண்ணீரில் நின்ற பறவைகளைப் பற்றி ஏதோ சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

எதிரே பஸ் வந்தது. ஜன்னலோரம் ஒருத்தி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததில் நிமிர மறந்துவிட்டேன். காற்று மறைபட, சைக்கிள் பஸ் பக்கம் இழுபட்டது. ஒரு சாண் இடைவெளியில் தப்பினேன்.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பின்னால் வெறும் ஹெல்மெட் காற்றில் சீட்டோடு தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.