நான் கேட்டது வேறு

ரூலின் ஐந்தாவது தடவையாக லைசென்ஸ் தேர்வுக்குப் போன காலையில், தேர்வு அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்னை ஜெபம் பண்ணச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நீங்க சபைக்குப் போற ஆளுதானே, ஹார்மென்? எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்களேன். நாலு தடவ ஃபெயிலாயிட்டேன்."

கண்ணை மூடினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்தவர் காதில் விழுகிற மாதிரி ஜெபிக்க எனக்கு வராது. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால்கூட என் மனைவி ஃபென்னாதான் ஜெபிப்பாள். மனசுக்குள் நான் கேட்டது இதுதான்: ஆண்டவரே, இவள் இன்றைக்குப் பாஸாகக் கூடாது.

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நேர் சாலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. வலது பக்கம் திரும்பும்போது மட்டும், வலது ஓரமாகப் பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்க்க மறந்துவிடுவாள். எங்கள் ஊரில் மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம். அறுபத்தொரு பாடத்தில் நாலு தடவை என் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்கிறேன். நாலாவது தடவை, தேர்வுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு வயசு இருக்கும், பள்ளிக்கூடப் பை மாட்டிய பெண். ஒரு கை அகலத்தில் தப்பினாள். அந்தக் குட்டி எங்களுக்கு நடுவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

'இன்னும் நீங்க தயாராகலை, தேர்வைத் தள்ளிப்போடுவோம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? வீடு வீடாகப் போய் வயசானவர்களைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுகிற வேலை அவளுக்கு. இத்தனை நாள் சைக்கிளில் போய்வந்தாள். செப்டம்பரிலிருந்து தூரத்துக் கிராமங்களும் சேருகின்றன, லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் விட்டுப்போய் ஆறு வருஷம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு என் வாயால் சொல்லத் தைரியம் வராமல், அந்த வேலையைக் கடவுள் தலையில் கட்டினேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

அவள் பாஸாகிவிட்டாள்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வலது திருப்பம், ஏழிலும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். தேர்வு நடத்தின அதிகாரி அம்மா, "இந்த வாரத்துலயே இதுதாங்க நிதானமான ஓட்டம்" என்றார். ரூலின் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "உங்க ஜெபம்தான்! வேற ஒண்ணுமே இல்ல!" நான் "அப்படியா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாப்டிஸ்டு சபையின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அத்தனை பேரிடமும் கதையைச் சொல்லிவிட்டாள்.

எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு காபி, ஒரே ஒரு பிஸ்கட். அந்த வாரம் வேலை செய்கிற இடத்தில் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சீஸ் கடைக்காரர் வாரம் தவறாமல் ஏதாவது வைத்திருப்பார். பல் டாக்டரிடம் வேலை செய்கிற பெண், வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடமே சுவிசேஷம் சொல்லிவிடுவாள். என் முறை வந்தால் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டத்தை நடத்துகிற பெரென்ட் விடமாட்டார். "ஹார்மென், உன் வண்டிதான்யா உன் ஊழியக்களம். பெல்ட்டப் போட்டு உக்காந்திருக்கிறவன் எங்க ஓடிப்போயிடுவான்?"

இப்போது அதே பெரென்ட் என் முதுகில் தட்டின தட்டில் காபி சிந்தியது. "பாத்தியா! ஒரு ஜெபம், ஒரு ஆத்துமா!" அந்த மாதமே மூன்று பேர் புதிதாகப் பாடத்துக்குச் சேர்ந்தார்கள். அதில் ஒருவன், "ஜெபத்தோட சேத்து எத்தனை பாடம் ஆகும்?" என்று விசாரித்தான். அவன் கேலி செய்தானா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் இப்படியே போனது. தினமும் காலையில் உள்ளூர்ச் செய்தித்தாளைத் திறந்து விபத்துச் செய்தியை மட்டும் படித்தேன். ரூலின் பெயர் வரவில்லை. அது எனக்கு நிம்மதியா, குழப்பமா, சொல்லத் தெரியவில்லை. நான் ஜெபித்தது தப்பா? அல்லது ஜெபம் சரி, கடவுள்தான் வேண்டாம் என்று சொன்னாரா? நாளைக்கு ஒரு பிள்ளை அவள் வண்டியில் அடிபட்டால், அப்போது நான் ஜெபித்ததுதான் சரி என்று ஆகுமா? இப்படி ஒரு நினைப்பு வருகிறதே, நான் என்ன மனுஷன்?

அப்போதுதான் ரூலின் வந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். ஆளை முழுதாக முக்கி எடுக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள், விசுவாசத்துக்கு வழிகாட்டினவர் கூடவே இறங்கிப் பக்கத்தில் நிற்பது எங்கள் சபை வழக்கம். "நீங்கதான் நிக்கணும், ஹார்மென். முங்கறதுக்கு முன்னால சொல்ற சாட்சியில, அன்னைக்குக் காலைல நடந்ததத்தான் சொல்லப்போறேன்."

ஃபென்னாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏன்யா, கடவுள் உன் பேச்சக் கேக்கல. நானும்தான் கேக்கறதில்ல. அதுக்கா மூணு மாசமா இப்படி முழிச்சுட்டுத் திரியுற?" அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "அவகிட்டச் சொல்லிடு. தண்ணிக்குள்ள பொய்யோட நிக்காத."

பெரென்டிடமும் சொன்னேன். அவர் வேறு மாதிரிச் சொன்னார். "வாயத் தொறந்த, தெரியும் சேதி! மூணு மாச விசுவாசம்யா, பிஞ்சு. நீ ஒரு வார்த்தை சொன்னா உதிர்ந்துடும். அப்புறம் கர்த்தர்கிட்ட நீதான் பதில் சொல்லணும்."

இருவரும் ஜெபிக்கிறவர்கள்தான், ஒரே வேதத்தைப் படிக்கிறவர்கள்தான். எனக்குத் தலை சுற்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஞானஸ்நான அங்கி அளவு பார்க்க ரூலின் என்னைத் தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். பழைய நீலக் கார். என் காலுக்குக் கீழே பிரேக் இல்லை. வலது திருப்பம் வரும்போதெல்லாம் என் கால் தானாகவே வெறும் தரையை மிதித்தது. அவள் திரும்பிப் பார்க்கத்தான் செய்தாள். கால்வாய் ஓரச் சாலைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ரூலின், அன்னைக்கு நான் வேண்டிக்கிட்டது வேற. நீங்க பாஸாகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

அவள் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினாள்.

"எதுக்கு?"

"சைக்கிள். அந்தச் செவ்வாய்க்கிழமை..."

"அத என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"ஆமா."

"என்கிட்டச் சொல்லாம, கடவுள்கிட்டப் போய் கோள் மூட்டியிருக்கீங்க."

"ஆமா."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். கோபப்பட்டுக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"கடவுள் கேட்டாருங்கிறது எனக்கு அதிசயமே இல்ல, ஹார்மென். கேக்கறது அவர் வேல. எனக்காக ஒரு மனுஷன் கண்ண மூடி வேண்டிக்கிட்டானேன்னுதான் நெனச்சேன். ஆறு வருஷத்துல ஒருத்தர். அதுக்காகத்தான் அந்த ஞாயித்துக்கிழம வந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இறங்குங்க."

இறங்கினேன். வீடுவரை நாலு கிலோமீட்டர், கால்வாய் ஓரமாகவே நடந்தேன். சொன்னது சரி என்று ஒரு விளக்குக் கம்பத்திலும், தப்பு என்று அடுத்ததிலும் தோன்றியது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மூன்று மாதமும் என்னையும் கடவுளையும் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவளைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அவள் இனி சபைப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். வெள்ளை அங்கியில் தொட்டி ஓரமாக நின்று மைக்கைப் பிடித்தாள். நான் மூன்றாம் வரிசையில், கோட்டும் சூட்டுமாக, ஃபென்னாவின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

"எனக்காக ஒருத்தர் வேண்டிக்கிட்டாருன்னு நம்பித்தான் இங்க வந்தேன். உங்க எல்லார்கிட்டயும் அதச் சொன்னேன். அப்படி இல்லன்னு முந்தாநாள் தெரிஞ்சுது. ரெண்டு நாளா யோசிச்சேன். அப்புறமும் வந்திருக்கேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. வராம இருக்க முடியல."

இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குப் புரியவில்லை. முன் வரிசையில் பெரென்டின் கழுத்து சிவந்தது. போதகர் தொண்டையைச் செருமினார். "உங்க பக்கத்துல யாரு நிக்கறாங்க?"

ரூலின் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். "ஹார்மென்."

அங்கி கிடையாது. ஃபென்னா விலாவில் இடித்தாள். ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, நல்ல கால்சட்டையோடு, போதகருக்கும் ரூலினுக்கும் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். போதகர் ஒரு நிமிஷம் மௌனமாக ஜெபிப்போம் என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நானும் கண்ணை மூடினேன்.

"இப்ப என்ன கேக்குறீங்க?" ரூலின் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "இந்தத் தடவ என் காதுல விழணும்."

போதகரின் சட்டையில் மைக் இருந்தது. சபை முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஆண்டவரே," என்றேன். "ரூலின்..."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது? எனக்கு என்ன தெரியும் அவளைப் பற்றி? அறுபத்தொரு பாடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சாலையைத்தான் பார்த்தேன்.

"ரூலின்," என்றேன் மறுபடியும்.

அவள் காத்திருந்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. "போதும், முங்கலாம்" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.