பட்டினி கிடந்த கொடுவா

கடலில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்த்தாள் ஒருத்தி. அவளுடைய நாத்தனார் கூப்பிடுவதைப் போல நாமும் அவளை அண்ணி என்றே சொல்வோம், கண்ணுகளா.

கப்பல் ஒன்றிலிருந்து எண்ணெய் கொட்டி அலையெல்லாம் பளபளத்தது. அண்ணி மீன்களை வாரிக் கரையிலிருந்த தொட்டிகளில் விட்டாள். நல்ல கடல்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியும் விற்பனைக்கு முன் நடந்த பரிசோதனையில் அவை தேறவில்லை. சதை பரவாயில்லை, பித்தத்தில்தான் எண்ணெயின் மிச்சம் ஏராளம் என்றார்கள். மறுமுறையும் தேறாவிட்டால் அத்தனையையும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அவளுக்கு இருந்ததோ அந்த ஒரே பிழைப்பு.

நாத்தனாருக்கு வேலை அந்தப் பரிசோதனைக் கூடத்தில்தான். விஷயம் தெரிந்து தொட்டிக்கே வந்தவள், ஒரு மீனைப் பிடித்து அறுத்துப் பார்த்தாள். குடல் காலி. பித்தப்பை மட்டும் கரும்பச்சையாகப் புடைத்திருந்தது.

"அண்ணி, இதுங்களுக்குக் கடைசியா எப்போ தீனி போட்டீங்க?"

"இங்க வந்ததுலேருந்து போடவே இல்ல. வயிறு கெட்டா நாம பட்டினி கிடக்கறதில்லையா?"

நாத்தனார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். தன் அண்ணனுக்குக்கூட இத்தனை அக்கறையாக வைத்தியம் பார்த்ததில்லையே என்று ஒரு குத்து குத்தினாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். எண்ணெய் செவுள் வழியாகவும் இரை வழியாகவும் ரத்தத்தில் சேர்கிறது. கல்லீரல் அதைச் சிதைத்துப் பித்தத்தோடு பையில் தள்ளுகிறது. மீன் தின்றால்தான் பை சுருங்கும். பித்தம் குடலில் இறங்கிக் கழிவோடு வெளியேறும்.

"வீட்டைக் கூட்டிக் குப்பையை வாசப்படியிலயே குவிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"அப்போ நாந்தான் கெடுத்தேனா?" என்றாள் அண்ணி.

"எதுவும் கெடலை. கல்லீரல் அதோட வேலையை முடிச்சிடுச்சு. நீங்க தீனியைப் போடுங்க."

போட்டாள். முதலில் ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு பிடி போட்டாள். பிறகு ஒன்று லபக்கென்று கவ்வியது. அடுத்த நொடி தண்ணீர் கொதிப்பதைப் போலானது. அன்றிலிருந்து அவள் தீனி போடுவதும் அடியில் தங்கும் கழிவை உறிஞ்சி வெளியே விடுவதுமாகவே இருந்தாள்.

உறவுக்காரி கை வைத்தாள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, மறு பரிசோதனையை நாத்தனார் வேறொருவரிடம் விட்டுவிட்டாள். முடிவை மட்டும் தானே வந்து சொன்னாள்.

"தேறிடுச்சு, அண்ணி. தாராளமா விக்கலாம்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அண்ணி மீன்வாடை அடிக்கும் ஈரக் கையால் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். நாத்தனார் அதை விடுவித்துக்கொள்ளவே இல்லை.