ஃபாயில் சுற்றிய புட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் நடந்ததை வீட்டில் வந்து கொட்டாவிட்டால் சாப்பாடு இறங்காது. பாழாய்ப்போன அந்த வாய் அன்றைக்கு மட்டும் அடைத்திருக்கக் கூடாதா!

ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது என் வேலை. ஆறு வாரமாக அவற்றுக்கு வைட்டமின் கே கொடுத்துப் பார்த்தோம். அன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன், பாதிக்கு மேல் சுருண்டு செத்துக் கிடந்தன. அழற்சியைத் தூண்டிவிடும் சமிக்ஞையும் தனிச் சோதனையில் அடங்கியிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

காரணம் என் தம்பி. ஆறடி உயரம், நாற்பது வயது, வீட்டில் இன்னும் பொடியன்தான். குடலில் புற்றுநோய். காலில் ரத்தம் கட்டியதால், உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தான். குடலில் இருந்த கட்டி சுருங்கிவிட்டது, இரண்டு மாதத்தில் அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். "பொடியா, உன் எதிரிங்க கூண்டோட காலிடா!"

"எதைக் குடுத்தே?"

"வைட்டமின் கே. வெளிச்சம் பட்டா கெட்டுடும். புட்டியில ஃபாயில் சுத்தி, ஓரத்தை இப்படி உள்ளே மடிச்சு, திறந்த தேதி, யார் பொறுப்புன்னு பேரு, ரெண்டும் எழுதி ஒட்டணும்."

"எனக்கும் ரெண்டு கொண்டாயேன்."

"போடா, அது தட்டுல இருக்கிற செல்லுக்கு. ஆளுக்குச் சரிவருமான்னு யாருக்குத் தெரியும்?"

இருவரும் சிரித்தோம். அதோடு விட்டுவிட்டேன். அவன் போடும் மாத்திரையின் வேலையையே வைட்டமின் கே கெடுத்துவிடும், ரத்தம் மறுபடி கட்டும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாததா? பாவி, நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் என் தட்டுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அளவைக் கூட்டினார்.

"புதுசா ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். ஏதோ திருட்டுத் தீனி என்று நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அறுவைக்கு ஒன்பது நாள் இருக்கையில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் மூச்சு முட்டி விழுந்தான். காலில் இருந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, தம்பி மனைவியோடு அவன் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காலுறைகளுக்கு அடியில் ஒரு மாத்திரைப் புட்டி. சுற்றிலும் ஃபாயில், ஓரத்தை மடித்திருந்த விதம்கூட நான் சொல்லிக்கொடுத்தது போலவே இருந்தது. மேலே சின்னத் தாள். நான் வந்து பேசியதற்கு மறுநாள் தேதி. அதன் கீழே அவனுடைய கோணல் எழுத்தில்: பொறுப்பு, அக்கா.

"என்ன அண்ணி எழுதியிருக்கு?" என்றாள் தம்பி மனைவி.

படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.