செலிக் என்று இங்கே எவரும் இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, ஒரு பழுப்புக் கோப்பிலிருந்து உருவியது. டென்வரில் எங்கள் யூத ஜனங்கள் கைக்காசு போட்டுக் கட்டிய ஏழைகள் காசநோய் இல்லத்தின் கடிதங்களை இருபத்திரண்டு வருடமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரெச்சரில் வந்தவனைக்கூட 'பிழைக்க மாட்டாய், போ' என்று திருப்பி அனுப்பாத இல்லம் அது. தையல்காரனும் சுருட்டு சுற்றுகிறவனும் சேர்ந்து கட்டியது. நல்ல காற்றுக்காக நோயாளிகளைக் கூடாரங்களில்தான் கிடத்துவார்கள். பெருமையடிக்கிறேன் என்கிறீர்களா? ஆமாம், அடிக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குள் அவன் இரும

(அடித்துவிட்டேன். காசநோய் என்றதும் எல்லோரும் பனியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நடந்தது ஜூன் மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது.)

தொடக்கம் இரண்டு: 1909. செலிக் புர்ஷ்டின், வயது முப்பத்தொன்று. நியூயார்க்கில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவன். மனைவி பெஸ்யாவை அங்கே விட்டுவிட்டு டென்வருக்கு வந்த ஐந்தாவது வாரம், அரைக் கிண்ணம் ரத்தம் கக்கினான்.

இது இருக்கட்டும்.

2

சாகக் கிடக்கிறவனுக்குப் பெயரை மாற்றுவது எங்கள் வழக்கம். மரண தூதன் பட்டியலோடு வருவான். அந்தப் பெயரில் ஆள் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவான். மாற்றியபின் பழைய பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இதற்குப் பத்து ஆண்கள் கூடிப் பிரார்த்திக்க வேண்டும். செலிக்கின் கூடாரத்தில் எழுந்து நிற்கத் திராணி உள்ளவர்கள் ஒன்பது பேர்தான். இல்லத்தின் செயலர் ஹிர்ஷ் லிப்கெஸைப் போய்ப் பிடித்தார்கள். அவரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளியாக வந்து பிழைத்தவர்தான். பரம நாத்திகர்.

"எனக்குக் கடவுளும் கிடையாது, தூதனும் கிடையாது. ஆள விடுங்கப்பா."

"கடவுள் இல்லேன்னா என்னய்யா, ரெண்டு கால் இருக்குல்ல? வந்து நில்லு."

வந்து நின்றார். செலிக் ஆல்டர் ஆனான். ஆல்டர் என்றால் கிழவன். கிழவனாகும்வரை இருக்கட்டுமென்று அப்படி வைப்பார்கள். பதிவேட்டிலும் கட்டில் அட்டையிலும் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுதியது ஹிர்ஷ்தான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவன் தேறியதற்குக் காரணம் தினம் ஆறு பச்சை முட்டையும் பாலும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த ஒன்பது பேரைக் கேட்டால் வேறு சொல்வார்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.)

3

இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. அசையக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது என்று ஆல்டருக்கு மருத்துவர் உத்தரவு. அந்தச் சமயம் பார்த்துப் பெஸ்யாவின் கடிதம் வருகிறது, உறைமேல் 'செலிக் புர்ஷ்டின்' என்று. ஹிர்ஷ் அதில் 'இந்தப் பெயரில் இங்கே எவரும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்!

ஒரு நாத்திகர் இதைச் செய்வாரா? நான் உண்டாக்கிய பாத்திரமாக இருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் நம்பமாட்டார். மறதி, கோபம், வேலைப்பளு என்று மூன்று காரணம் எழுதிப் பார்த்துக் கிழித்தேன். பிறகு பெஸ்யாவுக்கு அவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் நகல் கிடைத்தது: "நான் நம்புவதில்லை, அம்மா. அந்த ஒன்பது பேர் நம்பினார்கள். பழைய பெயரை ஏற்றுக்கொண்டு, என் கையால் அவர் போய்விடக் கூடாதே என்று பயந்துவிட்டேன். உங்களை நினைக்கவேயில்லை."

தன் மடத்தனத்துக்கு நகல் எடுத்துக் கோப்பில் வைத்த மனிதர் அவர். கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? எங்கள் ஆட்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

4

திரும்பி வந்த உறையைப் பார்த்ததும், புருஷன் போய்விட்டான் என்று பெஸ்யா எங்கள் துக்க வழக்கப்படி துணியைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செய்தி உடனே வந்தால் ஏழு நாள் துக்கம். செத்து முப்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தால் ஒரு மணி நேரம் போதும். அவள் செயலருக்கு எழுதினாள்: "அய்யா, என்னைக்குப் போனார்னு தேதி மட்டும் எழுதுங்க. தேதி தெரியாம எத்தனை நாள் உக்காரறதுன்னு தெரியல. நீங்க எழுதற வரைக்கும் நான் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

ஹிர்ஷ் அலறியடித்துத் தந்தி கொடுத்தார். அப்போதும் பழைய பெயரை எழுதக் கை வரவில்லை: "ஆல்டர் உயிருடன். பதினோரு பவுண்டு எடை கூடியுள்ளார்."

பெஸ்யாவின் பதில் தந்தி: "ஆல்டர் யாரு? நல்லா இருக்கட்டும். நான் கேட்டது என் புருஷன."

(சிரித்தேன். சிரித்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.)

5

மன்னிப்புக் கடிதத்தை எழுதி முடித்த ஹிர்ஷ், அதையும் பெஸ்யாவின் கடிதத்தையும் பதில் தந்தியையும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று அன்றே குறித்து வைத்திருக்கிறார். பேச்சு நடை மட்டும் என்னுடையது.

"தரையிலயா உக்காந்திருக்கா? எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும்."

"அந்த ஊர்ல ஈரத் தரைய்யா! குடு பேனாவ."

"எழுது. ஆனா ஆல்டர்னு போடு. நடந்ததெல்லாம் என் கடிதத்துல விளக்கியிருக்கேன், புரிஞ்சுக்குவா."

"எவனோ ஆல்டர் எழுதினா அவ எழுந்திருப்பாளா? அவ கட்டிக்கிட்டது செலிக்கை."

சொல்லிவிட்டான். பக்கத்துக் கட்டில்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ஹிர்ஷ்தான் பதறினார்.

"டேய், அந்தப் பேரச் சொல்லாத. தூதன் காதுல விழுந்துடும்."

"உனக்குத்தான் தூதன் கிடையாதே."

"எனக்குக் கிடையாது. உனக்கு உண்டுல்ல?"

"உண்டு. நல்லாவே உண்டு. வந்தா வரட்டும், ரெண்டு வரி எழுதிட்டு வரேன்னு சொல்லிக்கிறேன். அவ ஏன்யா தரையில கிடக்கணும்?"

தன் பெயரைப் பெரிதாக எழுதினான். காஜா எடுப்பவன் கை, ஒவ்வோர் எழுத்தும் தைத்த மாதிரி இருந்தது என்கிறார் ஹிர்ஷ். தூதனை மனதார நம்பியவன், தெரிந்தே தன்னைக் காட்டிக் கொடுத்தான். இந்த ஒரு கையெழுத்துக்காகவே எங்கள் இல்லத்தைக் கட்டியிருக்கலாம்.

6

முடிவு ஒன்று: அவன் எண்பது வயதுவரை வாழ்ந்து, பேரப்பிள்ளைகள் சூழ (நன்றாக இருக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: மறுவாரமே (மாட்டேன். என் கையால் மாட்டேன்.)

இறப்புப் பதிவேடு அடுத்த அலமாரியில்தான் இருக்கிறது. இரண்டு பெயர்களையும் தேட ஐந்து நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருடமாகத் தேடவில்லை. நானும் நாத்திகிதான், அதனால் காரணம் கேட்காதீர்கள்.

கோப்பின் கடைசித் தாள் பெஸ்யாவுடையது: "செலிக், உன் எழுத்தப் பாத்தேன். எழுந்துட்டேன். முட்டி ரெண்டும் பிடிச்சுக்கிச்சு. நடந்தது எல்லாத்தையும் செயலர் எழுதியிருக்கார், அந்த மனுஷன நான் பிறகு கவனிச்சுக்கிறேன். நீ எனக்குச் செலிக்காவும் வேணும், கிழவனாவும் வேணும். அடுத்த கடிதத்த எந்தப் பேருக்குப் போடட்டும்?"

அதற்கு யாரும் பதில் எழுதியதாகக் கோப்பில் இல்லை. அவளுடைய அந்த அடுத்த கடிதம் எழுதி மடித்து இப்போது உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைமேல் பெயரை நீங்கள் எழுதுங்கள்.